எழுதாமல் விட்ட பக்கம்

கடந்த சனிக்கிழமை மாலை, ரூஜில் உள்ள எமது வீட்டிற்கு ஒரு தாயாரும் அவரது மகளும் வந்திருந்தனர். தாயார் உணவுப் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர். தந்தையாருக்கு இரவு வேலை. மகள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டை முடித்தவள். மருத்துவபீடத்திற்கு விண்ணப்பிக்கும் எண்ணமுடையவள். அக்குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதற் பிள்ளை அவளே.

“ரீச்சர், புள்ளியெல்லாம் நல்லாத்தான் எடுத்திருக்கிறாள். ஆனால் போம் நிரப்ப மாட்டன் எண்டு நிக்கிறாள். நீங்கள் ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ” என்றார் தாயார்.

பிள்ளை தலை நிமிராமல் இருந்தாள். விண்ணப்பத்தில் ஒரு பகுதி வெறுமையாகக் கிடந்தது. 16 வயது தொடக்கம் இன்றுவரை என்ன செய்தாய் என்று கேட்கும் பகுதி அது. தன்னோடு படிப்பவர்களிற் சிலர் வெளிநாடு சென்று தொண்டு செய்தவர்கள். சிலர் தகப்பனாரின் நண்பரது ஆய்வுகூடத்தில் கோடைகாலத்தைக் கழித்தவர்கள். “எனக்கு எழுத ஒண்டும் இல்லை ரீச்சர்” என்றாள்.

“சனி ஞாயிறுகளில் என்ன செய்கிறாய்?” என்று கேட்டோம். பலசரக்குக் கடையில் காசாளராக நான்கு ஆண்டுகள் வேலை. வாரத்தில் மூன்று நாட்கள் அம்மம்மாவை டயாலிசிஸ் சிகிச்சைக்கு அழைத்துச் சென்றது இரண்டு ஆண்டுகள். அங்கே தாதியர் சொல்வதை அம்மம்மாவுக்கும், அம்மம்மா சொல்லத் தயங்குவதைத் தாதியருக்கும் மொழிபெயர்த்தவளும் அவளே. மாடிக் கட்டடத்தில் உள்ள பிள்ளைகள் ஐவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததும் உண்டு.

இவற்றை ஏன் எழுதவில்லை என்று கேட்டபோது, மகளை முந்திக்கொண்டு தாயாரே விடை சொன்னார்: “அது வீட்டு அலுவல்தானே ரீச்சர். கடையில நிண்டதையும், எங்கட கஷ்டத்தையும் வெள்ளைக்காரருக்கு எழுதிக் காட்டினால் மதிப்பாங்களோ?”

அன்பார்ந்த வாசகர்களே, இவ்வாரம் நாம் எழுத முற்பட்டது இந்த ஒரு வினாவைப் பற்றியே. எம்மவர் வீடுகள் பலவற்றில் இதே வினா வாய்விட்டுக் கேட்கப்படாமல் இருந்துகொண்டிருக்கிறது.

நாம் வளர்ந்த நாட்டில் மருத்துவக் கல்வி என்பது ஓர் எண். உயர்தரப் பரீட்சையில் பெற்ற புள்ளியே யாவற்றையும் தீர்மானித்தது. அந்த எண்ணிலும் அநீதி புகுந்தது. 1971இல் தரப்படுத்தல் வந்தபோது, மருத்துவத்திற்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியவருக்கு 400இற்கு 250 புள்ளி தேவைப்பட்டது. சிங்களமொழி மூலம் தோற்றியவருக்கு 229 போதுமாயிற்று. அந்தக் காயம் எமது தலைமுறையின் நெஞ்சில் இன்றும் ஆறவில்லை. ஆகவே “புள்ளி எடு, மற்றதெல்லாம் தானாக வரும்” என்று பிள்ளைகளுக்கு ஓதி வளர்த்தோம். அது அந்த நாட்டுக்குப் பொருந்திய பாடம். இந்த நாட்டில் அது பாதிப் பாடமே.

ஒன்ராறியோவில் உள்ள மருத்துவபீடங்களுக்கு ஓம்சாஸ் எனப்படும் பொது விண்ணப்பச் சேவை ஊடாகவே விண்ணப்பித்தல் வேண்டும். குவெல்ஃப் நகரில் உள்ள பல்கலைக்கழக விண்ணப்ப நிலையம் இதனை நடத்துகின்றது. அடுத்த ஆண்டு சேர விரும்புவோர் முந்திய ஆண்டின் ஒக்ரோபர் மாத முற்பகுதிக்குள் அனுப்பிவிட வேண்டும். பிந்தினால் ஓராண்டு போயிற்று. பல்கலைக்கழகப் புள்ளிகள், நற்சான்று வழங்குவோரின் மடல்கள், எம்கட் பரீட்சை, பின்னர் நேர்முகம் என்பவற்றோடு, மேலே சொன்ன வாழ்க்கைக் குறிப்பும் அங்கே பார்க்கப்படுகின்றது. ரொறன்ரோ பல்கலைக்கழகம் இளமாணி மாணவரிடம் எதிர்பார்க்கும் ஆகக்குறைந்த சராசரி 4.0இற்கு 3.6. சேர்க்கப்படுவோரின் சராசரியோ அதனிலும் மிக உயர்ந்தது. ஆகவே புள்ளி வேண்டாம் என்று எவரும் எண்ணற்க. புள்ளி வாசல் வரை கொண்டுபோகும். வாசலுக்கு அப்பால் பிள்ளை யார் என்று கேட்பார்கள்.

எம்கட் ஏறத்தாழ ஏழரை மணிநேரப் பரீட்சை. 472இற்கும் 528இற்கும் இடையில் புள்ளி வழங்கப்படும். எல்லாப் பீடங்களும் அதனை ஒரேவிதமாகக் கேட்பதில்லை என்பதைப் பலர் அறியார். மக்மாஸ்ரர் அதில் வாசிப்புத்திறன் பகுதியை மாத்திரமே கணக்கில் எடுக்கும். ஒட்டாவாவும் வட ஒன்ராறியோ மருத்துவக் கல்லூரியும் அதனைக் கேட்பதில்லை. 2025இல் பிரம்டனில் தொடங்கிய ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழக மருத்துவபீடமும் கேட்பதில்லை. எந்தப் பீடம் எதைக் கேட்கின்றது என்று முதலில் ஒரு தாளில் வரிசைப்படுத்தி எழுதுங்கள். தேவையற்ற செலவு அங்கேயே குறையும்.

செலவு சிறிதன்று. எம்கட் கட்டணம் அமெரிக்க டொலரில் முந்நூறைத் தாண்டும். ஓம்சாஸுக்கு ஓர் அடிப்படைக் கட்டணம். அதற்கு மேல் பீடம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். நான்கைந்து பீடங்களுக்கு விண்ணப்பித்தால் ஒரு மாத வாடகையிற் பெரும்பகுதி போய்விடும். ஆனால் வருமானம் குறைந்த கனேடிய மாணவருக்கு எம்கட் கட்டணத்தைக் குறைக்கும் உதவித்திட்டம் உண்டு. கனேடிய மருத்துவபீடங்களின் சங்கம் அதனை நடத்துகின்றது. பரீட்சைக்குப் பதிவதற்கு முன்னரே அதற்கு விண்ணப்பித்தல் வேண்டும். கட்டிய பின்னர் கேட்பதிற் பயனில்லை. ரொறன்ரோ பல்கலைக்கழக மருத்துவபீடம் நடத்தும் ‘கொம்யூனிற்றி ஒஃப் சப்போர்ட்’ என்னும் திட்டத்தில், பொருளாதாரத்தில் நலிந்த மாணவரும் சேர்ந்து வழிகாட்டலும் விண்ணப்ப உதவியும் பெறலாம். வெட்கப்பட வேண்டியதில்லை. இது பிச்சையன்று, உங்கள் பிள்ளை போன்றவர்களுக்காகவே வைக்கப்பட்ட கதிரை.

அந்தக் கதிரை ஏன் வைக்கப்பட்டது என்பதற்கும் காரணம் உண்டு. கனேடிய மருத்துவபீடங்களின் முதலாண்டு மாணவரைப் பற்றிய ஆய்வொன்று 2002இல் கனேடிய மருத்துவச் சங்க சஞ்சிகையில் வெளிவந்தது. நாற்பதாயிரம் டொலருக்குக் குறைந்த வருமானமுடைய வீடுகள் நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 40. அத்தகைய வீடுகளிலிருந்து வந்த மருத்துவ மாணவரோ நூற்றுக்கு 15 பேர். மாணவரின் தந்தையரில் நூற்றுக்கு 39 பேர் முதுமாணி அல்லது கலாநிதிப் பட்டதாரிகள். நாட்டில் அவ்வயதினரிடையே அவ்வாறானோர் 7 பேரளவே. தரப்படுத்தல் சட்டம் எதுவும் இங்கில்லை. எனினும் வழி தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கும் வழி தெரியாத வீட்டுப் பிள்ளைக்கும் இடையே ஒரு மதில் இருக்கின்றது. அம்மதிலுக்கு ஏணி தகவல்தான்.

அகதி நிலையில் உள்ள குடும்பங்களுக்கு ஒரு முக்கிய குறிப்பு. பாதுகாக்கப்பட்டவர் என ஏற்றுக்கொள்ளப்பட்ட பிள்ளை ஒன்ராறியோ அரசின் ஓசாப் மாணவர் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் மருத்துவபீடங்கள் பெரும்பாலும் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ உள்ளவரையே எடுக்கின்றன. ஆதலால் வதிவுரிமைப் பத்திர அலுவலை இரண்டு மூன்று ஆண்டுகள் முன்கூட்டியே கவனியுங்கள். படிப்பை முடித்துவிட்டுப் பத்திரத்திற்காகக் காத்திருப்பது பெருங்கொடுமை.

மற்றொன்று. இங்கே இடம் கிடைக்காவிட்டால் கரிபியன் தீவுகளுக்கோ ஐரோப்பாவுக்கோ அனுப்பலாம் என்று வீட்டை ஈடு வைப்போர் எம்மிடையே உளர். வெளிநாட்டிற் படித்தவர் திரும்பி வந்து பயிற்சி இடம் பெறுவதற்கு, பெரும்பாலும் தனியாக ஒதுக்கப்பட்ட சிறு தொகை இடங்களுக்கே போட்டியிட வேண்டும். பட்டம் இருந்தும் பயிற்சி கிடைக்காமற் போகலாம். இதனை அறிந்த பின்னர் முடிவெடுங்கள். முகவரின் இனிய சொல்லைக் கேட்டு முடிவெடாதீர்கள். உள்நாட்டில் ஒருமுறை கிடைக்காதவர் மறுமுறையும் விண்ணப்பிக்கலாம். பலர் அவ்வாறு சேர்ந்தே மருத்துவராயினர். சேர்ந்த பின்னர் ஓசாப், பல்கலைக்கழக உதவிப்பணம், வங்கியின் மாணவர் கடன் ஆகியன உண்டு. கடன் கடன்தான், வட்டியும் ஏறும். ஆயினும் பணமில்லை என்பதற்காகத் தொடக்கத்திலேயே திரும்பிவிட வேண்டியதில்லை.

முதலாம் இரண்டாம் ஆண்டுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஆய்வுகூட அனுபவம் சம்பளமின்றித்தான் கிடைக்கும் என்று எண்ணிக் கைவிடாதீர்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் வேலை செய்து கற்கும் திட்டத்தின் கீழ் ஊதியத்தோடு பேராசிரியர்களிடம் பணிபுரியலாம். ஸ்காபரோ வளாகம் எமது பகுதியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரமே. அங்கே மருத்துவ, சுகாதாரக் கல்விக்கென ஒரு கழகம் அமையும் என்று ஒன்ராறியோ அரசு 2022இல் அறிவித்ததையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இனி, எழுதாமல் விட்ட அந்தப் பக்கத்துக்கு வருவோம்.

தாயாருக்கு நாம் சொன்னது இதுதான்: “தங்கச்சி, நோயாளிக்கும் வைத்தியருக்கும் நடுவில் நின்று இருவரையும் விளங்க வைத்த பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறாள். அதைக் கற்க மற்றவர்கள் எங்கெல்லாமோ போகிறார்கள். இவள் வீட்டிலேயே கற்றிருக்கிறாள். அதை மறைத்தால் இவளிடம் உள்ள நல்லதையே மறைக்கிறீர்கள்.”

பிள்ளைக்கும் ஒன்று சொன்னோம். நடந்ததை நடந்தபடி எழுது, கூட்டி எழுதாதே. எழுதும் ஒவ்வொன்றையும் உறுதிப்படுத்தக்கூடிய ஒருவரது பெயரைக் கேட்பார்கள். அவரைத் தொடர்புகொள்ளவும் கூடும். கடை முகாமையாளர் ஒருவர், கணக்குப் படித்த பிள்ளையின் தாயார் ஒருவர் போதும். துயரத்தைக் காட்டி இரக்கம் தேடாதே. என்ன செய்தாய், அதிலிருந்து என்ன அறிந்தாய் என்று மட்டும் சொல். அம்மம்மாவின் நோயைப் பற்றி எழுதுவதாயின் முதலில் அம்மம்மாவிடம் கேள்.

தாயார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அப்ப நான் பக்ரறியில வேலை செய்யிறதையும் எழுதலாமோ?” என்று கேட்டார். மகள் முதன்முறையாக நிமிர்ந்து தாயைப் பார்த்தாள்.

எழுதலாம். இவளுக்கு இடம் கிடைக்குமா என்பதை நாம் அறியோம். அதற்கு உறுதி கூற எவராலும் இயலாது. ஆனால் புறப்பட்டுப் போகையில் அந்தப் பக்கத்தில் ஏழு வரிகள் இருந்தன. முதல் வரியில் அம்மம்மா இருந்தார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வெறும் பக்கம் இருக்கக்கூடும். இவ்வார இறுதியில் பிள்ளையோடு மேசையில் அமர்ந்து கேட்டுப் பாருங்கள்.