ஓராண்டில் கூடிய 21 லட்சம் மரணங்கள்

2021 முடியும்வரை இந்தியாவில் கொரோனாவால் இறந்தவர்கள் சுமார் 4.8 லட்சம் பேர் என்றது ஒன்றிய அரசு. பெருந்தொற்று பறித்த உயிர்கள் 47 லட்சம் இருக்கலாம் என்று 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கிட்டத்தட்ட பத்து மடங்கு! நாம் எதை நம்புவது?

இரண்டும் ஒரே கணக்கு அல்ல. அரசு எண்ணியது கொரோனா என்று சான்று பெற்றவர்களை. உலக சுகாதார நிறுவனமோ, பெருந்தொற்று வராமல் இருந்திருந்தால் அந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்பதை முந்தைய ஆண்டுகளின் போக்கை வைத்துக் கணித்தது. மொத்த மரணங்களிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது 'கூடுதல் மரணம்'. பரிசோதனை செய்யாமலே வீட்டில் மூச்சுத் திணறி இறந்தவரும், படுக்கை கிடைக்காமல் மாரடைப்பில் போனவரும் இதில் அடங்குவர்.

நாடு முழுமைக்குமான மரண விவரம் அந்நிறுவனத்திடம் இல்லை. 17 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களின் விவரங்களைக் கொண்டு மீதியைப் புள்ளியியல் மாதிரியால் மதிப்பிட்டது. அந்த விவரங்களும் இணையதளங்கள், ஊடகச் செய்திகளிலிருந்து எடுத்தவை என்று அரசு ஆட்சேபித்தது. நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் நம்பகமான கணக்கு தன்னிடமே உள்ளது என்ற அரசு, 2021ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவு அறிக்கையை வெளியிட்டது 2025 மே மாதத்தில்தான்.

அதன்படி 2020இல் பதிவான மரணங்கள் 81.2 லட்சம், 2021இல் 102 லட்சம். ஒரே ஆண்டில் சுமார் 21 லட்சம் அதிகம். அந்த ஆண்டு அரசு ஒப்புக்கொண்ட கொரோனா மரணங்களோ சுமார் 3.3 லட்சம்.

பதிவு செய்யும் பழக்கம் பெருகியதால் எண்ணிக்கை கூடியது என்று சொல்லலாம். 2018ஐ விட 2019இலும் சுமார் 7 லட்சம் கூடியிருந்தது. அதைக் கழித்தாலும் 14 லட்சம் மிஞ்சுகிறதே! 47 லட்சம் சரி என்று இதனால் நிரூபணமாகாது. 4.8 லட்சம் மிகக் குறைவு என்பது மட்டும் உறுதி.

இது வெறும் எண் சண்டை அல்ல. கொரோனாவால் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் வழங்க 2021இல் உச்ச நீதிமன்றம் வழி செய்தது. இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. ஆனாலும் பரிசோதனை முடிவோ மருத்துவமனை ஆவணமோ தேவைப்பட்டது. 2020இல் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் குறித்துச் சான்றளித்தவையே சுமார் 22 சதவீதம்தான்.

மஹல்லா பதிவேட்டில் அடக்கம் எழுதப்பட்டிருந்தாலும், உள்ளாட்சியில் பதியாதவரை அரசின் கணக்கில் அந்த மரணம் சேராது. 21 நாட்களுக்குள் தெரிவித்தால் கட்டணம் இல்லை; ஓராண்டு கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும்.