அந்தக் காலம் யாருக்குப் பொற்காலம்?

காலை ஓட்டம் முடிந்து, தோழி மொய்ராவுடன் காபிக் கடைக்குள் நுழைகிறாள் ஜூன். கார்டைத் தேய்த்தால் பணம் போகவில்லை. இத்தனைக்கும் கணக்கில் பணம் இருக்கிறது! அன்றே அவள் அலுவலகத்தில் பெண்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பெண்கள் பெயரில் இனி பணமோ சொத்தோ இருக்கக் கூடாது என்பது புதுச் சட்டம். கணவன் லூக், தான் பார்த்துக்கொள்வதாக அன்பாகத்தான் சொல்கிறான். மொய்ராவுக்குக் கோபம் வருகிறது. நேற்று வரை தன்னைத் தானே பார்த்துக்கொண்டவள் அல்லவா ஜூன்?

'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' தொடரின் முதல் சீசனில் வரும் காட்சி இது. மார்கரெட் அட்வுட் 1985-ல் வெளியிட்ட நாவலை வைத்து, ஹுலு தளத்தில் 2017 முதல் 2025 வரை 6 சீசன்கள் வந்தன. அமெரிக்க அரசைக் கவிழ்த்து, 'கிலியட்' என்ற மதவாத ஆட்சி வருகிறது. பிள்ளை பெறக்கூடிய பெண்களைப் பிடித்து, அதிகாரிகளின் வீடுகளில் குழந்தை பெற்றுத்தர வைக்கிறது.

இந்தத் தொடரில் பழைய நினைப்பு இரண்டு விதமாக வருகிறது.

ஒன்று, செரீனாவுடையது. பெண்ணுக்கு வீடுதான் இடம் என்று புத்தகம் எழுதி, ஊர் ஊராகப் பேசியவள். 'அந்தக் காலம்' திரும்ப வேண்டும் என்று ஆசைப்பட்டாள், வந்தது. ஆனால், அவள் உதவியோடு வந்த ஆட்சியில் பெண்கள் படிக்கவே தடை. இரண்டாவது சீசன் முடிவில், சபையில் பைபிளை வாசித்ததற்காக அவள் விரலையே வெட்டுகிறார்கள்.

இன்னொன்று ஜூனுடையது. அவள் ஏங்குவது பொற்காலத்துக்கு அல்ல. காபி, தோழியோடு அரட்டை, மகளோடு ஒரு மாலை... அவ்வளவுதான். அந்தச் சாதாரண நாட்களும் சும்மா வந்தவை இல்லை என்று காட்டத்தான் அவள் அம்மா ஹோலி வருகிறாள். சிறுமி ஜூனைக் கையோடு பெண்கள் போராட்டத்துக்கு அழைத்துப் போனவள். மகள் கல்யாணம், குடும்பம் என்று அடங்கிவிட்டாளே என்று அவளுக்கு ஆதங்கம். அம்மா அலட்டிக்கொள்கிறாள் என்று மகளுக்கு எரிச்சல். யார் சொன்னது சரி என்பது மகளுக்குப் புரியும்போது, அதைச் சொல்ல அம்மா பக்கத்தில் இல்லை.

இது வெறும் கற்பனையும் இல்லை. திருமணமான பெண் கடன் கேட்டால், கணவர் கையெழுத்து வேண்டும் என்று அமெரிக்க வங்கிகள் பல கேட்டுவந்தன. 1974-ல் சட்டம் வந்துதான் அதைத் தடுத்தது. ஜூனின் அம்மா தலைமுறை கண்ணால் பார்த்த மாற்றம் அது.

பெண்ணியவாதிகள் எல்லோரும் தொடரைக் கொண்டாடிவிடவில்லை. பெண்ணின் வேதனையை இவ்வளவு நேரம் காட்டுவது எச்சரிக்கையா, வேடிக்கையா என்று சிலர் கேட்டார்கள். அடிமை முறையில் கறுப்பினப் பெண்கள் அனுபவித்த கொடுமையை எடுத்துக்கொண்டு, நிறவெறியைப் பற்றிப் பேசாமல் நழுவுகிறதே என்றும் கேட்டார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். ஜூன் ஏங்குகிற அந்த 'நேற்று'கூட எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லையே!

இனி யாராவது 'அந்தக் காலத்துல எல்லாம்...' என்று ஆரம்பித்தால் தாராளமாகக் கேளுங்கள். கூடவே, அப்போது அந்த வீட்டுப் பெண்களின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்ததா என்றும் விசாரியுங்கள்.