ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு ஒரு பேருந்து

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு எங்கள் தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். அதைப் பிடிக்க நாலரைக்கு எழுந்து உலை வைக்க வேண்டும். அதனால் எங்கே போவதென்றாலும் நாங்கள் அந்த ஆறே முக்காலில் இருந்து பின்னோக்கித்தான் கணக்குப் போடுவோம். ஞாயிறு ராத்திரி ஒன்பதரைக்குள் எங்கள் காட்பாடி வந்து சேர முடியாத ஊர் எங்களுக்கு ஊரே இல்லை.

நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் 19 வருடமாகத் தையல் பிரிவில் இருக்கிறேன். ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைப்பது என் வேலை. எனக்கு முன்னும் பின்னும் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் பெண்கள். ஆம்பூர் போனாலும் வாணியம்பாடி போனாலும் ஷூ தைக்கும் இடத்தில் பெரும்பாலும் பெண்களைத்தான் பார்ப்பீர்கள். ஆறு நாள் வேலை, ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளிலும் துணி துவைத்து, மாவு அரைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி முடித்தால் மிஞ்சுவது அரை நாள்தான். வருடத்தில் ஒரே ஒரு ஞாயிற்றை மட்டும் முழுசாக எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறோம். மூன்று வருடமாகப் போகிறோம். அந்த மூன்று பயணத்தில் பட்டதையும் பார்த்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இதை ஆரம்பித்து வைத்தது என் அம்மா. நாற்பது வருடம் பீடி சுற்றியவர். முறத்தை மடியில் வைத்துக் குனிந்தே இருந்து கழுத்து முன்னால் வளைந்துவிட்டது. டிவியில் புயல் செய்தி ஓடும்போதெல்லாம் அலையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள், "கடலு நெஜமாவே இம்மாம் பெருசாடி?" என்று கேட்டார். அறுபத்து நான்கு வயதில் கேட்கிறார். கடல் எங்கள் ஊரிலிருந்து 140 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது.

காட்பாடி பெரிய ஜங்ஷன். சென்னை, ஜோலார்பேட்டை, திருப்பதி, விழுப்புரம் என்று நான்கு பக்கமும் தண்டவாளம் போகிறது. முதல் வருடம் ரயிலில்தான் போனோம். இந்த வழியாகச் சென்னை கடற்கரைக்கு ஒரு மெமு ரயில் உண்டு. வேலூர் கண்டோன்மென்ட் வரை ஓடிக்கொண்டிருந்ததை 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டித்தார்கள். காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம், டிக்கெட்டும் கையைக் கடிக்காது. ரயிலின் பெயரைக் கேட்டு, இறங்கினதும் கடல் என்று அம்மா நினைத்துவிட்டார். அந்த ஸ்டேஷன் இருப்பது துறைமுகத்தின் எதிரே. அங்கிருந்து கடலைக் காண முடியாது. டவுன் பஸ் பிடித்து மெரினாவுக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. ரோட்டிலிருந்து அலைக்கு அத்தனை தூரம் மணல், கால் சுடுகிறது. பாதியில் அம்மா உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் தாங்கிக் கொண்டுபோய்த் தண்ணீரில் நிறுத்தினோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துவிட்டு, "இம்மாந் தண்ணி இருந்தும் ஒரு வாய் குடிக்க ஆவாதே" என்றார். குடத்தோடு லாரித் தண்ணீருக்குக் காத்து நின்று வாழ்நாளைக் கழித்தவருக்கு வேறு என்ன தோன்றும்?

புதுச்சேரியைச் சிலர் சொன்னார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாகப் போகலாம்தான். ஆனால் ஊருக்கு நடுவில் இருக்கும் கடற்கரையில் பெரும்பாலும் பாறைகள். பிள்ளைகள் கால் நனைக்க அது தோதான இடம் இல்லை. அங்கே சாராயம் மலிவு என்பதால் துணைக்கு வரும் ஆண்களை நம்பிப் பெண்கள் கிளம்புவதற்கும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எங்களுக்குச் சரியான கடற்கரை ஊர் மாமல்லபுரம்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அலை பக்கத்திலேயே இருக்கிறது. வெயில் ஏறினால் போய் உட்காரக் கோயிலும் குகையும் நிழலும் இருக்கின்றன. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், 40 ரூபாய். 15 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி வந்து பார்க்கிறார்கள். ஆனால் அங்கே ரயில் இல்லை. ரயிலில் போனாலும் செங்கல்பட்டில் இறங்கி இன்னும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும்.

இரண்டாம் வருடம் அங்கே பஸ்ஸிலேயே போனோம். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அது எங்களுக்குப் பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அந்த உதவி வேலூர் பஸ் ஸ்டாண்டோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து காஞ்சிபுரம், காஞ்சிபுரத்தில் மாறி செங்கல்பட்டு, செங்கல்பட்டில் மாறி மாமல்லபுரம். ஐந்தரைக்குக் கிளம்பியவர்கள் பதினொன்றரைக்குப் போய் இறங்கினோம். திரும்புவதற்கும் அதே ஆறு மணி நேரம் வேண்டுமே என்று மூன்று மணிக்கே பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தோம். பஸ்ஸுக்குப் பன்னிரண்டு மணி நேரம், கடலுக்கு மூன்றரை மணி நேரம்.

மூன்றாம் வருடம் வேன். மாதம் நூறு ரூபாய் சீட்டுப் போலச் சேர்த்தோம். வாடகை, டீசல், டோல், டிரைவர் படி எல்லாம் சேர்ந்து தலைக்கு 950 ரூபாய் ஆனது. பன்னிரண்டு பெண்கள் போனோம். எங்கள் லைனில் மூன்று பேரால் அந்தப் பணத்தைக் கட்ட முடியவில்லை. ஒருத்தி எட்டு மாதம் கட்டிவிட்டு, பிள்ளை ஸ்கூல் பீஸுக்கு வேண்டும் என்று திருப்பி வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்ததுதான் என்னை எழுத உட்கார வைத்தது.

வேனில் போனபோதுதான் வழி தெரிந்தது. திருவலத்தில் பொன்னை ஆற்றின் மேல் இருக்கும் பழைய இரும்புப் பாலத்தைப் பார்த்துக்கொண்டே போனால் ராணிப்பேட்டை, வாலாஜா, காவேரிப்பாக்கம், காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு. எல்லாம் பாலாற்றின் வடகரையில் உள்ள ஊர்கள். கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து, தமிழ்நாட்டுக்குள் மட்டும் 222 கிலோமீட்டர் வரும் ஆறு. எங்கள் கம்பெனிக்குத் தோல் கொடுக்கும் தொழில்தான் இந்த ஆற்றையும் கரையோரக் கிணறுகளையும் கெடுத்தது. உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு எழுதும் அளவுக்குப் போனது. எனக்குச் சோறு போடுவதும் அதே தொழில். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தையும் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய சதுரங்கப்பட்டினத்தையும் தாண்டினால் பாலாறு கடலில் சேரும் இடம் வருகிறது. டிரைவரைக் கெஞ்சி அங்கே போனோம். 2021 நவம்பரில் எங்கள் ஊரில் கரைபுரண்டு ஓடியதே, அந்தத் தண்ணீர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது என்று பிள்ளைகளுக்குக் காட்டினேன். அம்மா ஆற்றையும் கடலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிளம்பலாம் என்று நான்கு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. தோல் தொழிலில் இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தடவையாவது அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

"இதெல்லாம் வசதி உள்ளவர்கள் செய்வது, வீண் செலவு" என்று எங்கள் தெருவிலேயே சொல்கிறார்கள். இருளர் மக்களைப் பார்க்கச் சொல்லுங்கள். வருடா வருடம் மாசி மகத்துக்குப் பல மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து, மணலிலேயே கூடாரம் போட்டுத் தங்கி, விடியலில் கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணமும் அங்கேயே முடித்துக்கொண்டு போகிறார்கள். எங்களைவிடக் கையில் குறைவாக உள்ளவர்கள் அவர்கள். கடலை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் காட்பாடியில் கிளம்பி, ராணிப்பேட்டை, வாலாஜாவில் ஆள் ஏற்றிக்கொண்டு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரத்துக்கு வண்டி மாறாமல் போகும் ஓர் அரசுப் பேருந்து. சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே பேருந்து அங்கிருந்து திரும்ப வேண்டும். ஆள் வருமா என்று கேட்பார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்குத் திருவண்ணாமலைக்குச் சிறப்புப் பேருந்து விடுகிறார்களே, அவற்றில் ஏறுகிறவர்களும் நாங்கள்தான். முதலில் மாதத்தில் ஒரு ஞாயிறு விட்டுப் பார்க்கட்டும்.

அதோடு இன்னொன்று. கடற்கரையில் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையும் துணி மாற்ற ஓர் அறையும் வேண்டும். நாங்கள் பன்னிரண்டு பேரும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் போனோம், வழியில் எங்கே இறங்குவது என்ற பயத்தில். ஈரப் புடவையை மாற்ற இரண்டு பேர் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சாப்பாட்டுக் கடையில் கழிப்பறையைக் கேட்டோம், பார்சல் வாங்கியவர்களுக்கு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கூட வந்த ஒரு அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. திரும்பும் வழியில் அவர் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகையில் போக வேண்டாம், அலை முரட்டுத்தனமாக இருக்கும். காணும் பொங்கல் அன்றும் வேண்டாம், கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துவிடுவீர்கள். தை கடைசியோ மாசியோ நல்லது. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் யாரையும் விடாதீர்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கிணற்றில் நீந்தத் தெரியும். கடல் காலுக்கடியில் மணலை இழுப்பது அவர்களுக்குத் தெரியாது.

போக்குவரத்துக் கழக அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து ஒரு ஞாயிறு விட்டுப் பாருங்கள். முதல் பேருந்தில் எங்கள் லைனிலிருந்து மட்டும் பதினைந்து பேர் ஏறுவோம். பணம் கட்ட முடியாமல் நின்றுபோன மூன்று பேரும் அதில் இருப்பார்கள்.