கதைப்புத்தகம் படித்தால் பிள்ளை கெட்டுப்போகுமா?



பத்தாம் தர மாணவி ஒருவர் நான் வாசிக்கக் கொடுத்த நாவலைப் பாதியிலேயே திருப்பித் தந்தார். "ஓ.எல் எழுதப் போற பிள்ளைக்கு என்ன கதைப்புத்தகம் என்று வாப்பா ஏசுறார் சேர்."

அது என்ன நாவல் தெரியுமா? அறிஞர் சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்'. 1885இல் வந்தது. இலங்கையின் முதல் தமிழ் நாவல். சின்ன வயதில் கடத்தப்பட்ட மிஸ்ர் நாட்டுப் பிள்ளை வளர்ந்து தன் பெற்றோரைத் தேடிப் போகும் கதை. நடை பழையதுதான். ஆனால் வாலிப வயதுக்கு ஏற்ற கதை.

நம் சமூகம் படிக்க வேண்டுமென்று 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை நடத்தியவர் அவர். 1892இல் கொழும்பு சாஹிரா உருவாக முன்நின்றவரும் அவரே. அவருக்கு நாவல் எழுதுவது வீண் வேலையாகத் தெரியவில்லை. கந்தளாயில் நமக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

பிள்ளை இரவிரவாக டிக்டொக் பார்க்கும்போது வராத கோபம் புத்தகத்தைக் கண்டதும் வருகிறது. ரியூஷனுக்குக் கடன்பட்டாவது அனுப்புகிறோம். தமிழ்ப் பாடத்தில் சொந்தமாக நாலு வரி எழுதத் தெரியாமல் பிள்ளை முழிக்கிறது. வாசிக்காத பிள்ளை எங்கிருந்து எழுதும்?

அந்தப் புத்தகம் என் மேசையில்தான் இருக்கிறது. வாப்பாமாரே, முதலில் நீங்கள் வாசியுங்கள். பிறகு தடுப்பதா என்று முடிவெடுங்கள்.