மழை நம்முடையது, நாள் யாருடையது?

ஐப்பசி பிறந்தால் தமிழ்நாட்டில் வானம் கறுக்கும். ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்பது எவரும் ஏட்டில் எழுதி நமக்குக் கற்பித்த கணக்கன்று. வரப்பில் நின்ற உழவன் தன் பட்டறிவால் கண்டுரைத்த கணக்கு. ஓராண்டில் தமிழகம் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதியைக் கொட்டித் தருவது இவ் வடகிழக்குப் பருவமழையே. மண் நம்முடையது, மழை நம்முடையது, அம்மழையை நம்பி நாற்று நடும் கைகளும் நம்முடையவை. ஆனால், அவ்வடைமழைத் திங்களில் எந்நாளில் விழாக் கொள்வது, எந்நாளில் உண்ணாதிருப்பது என்று குறிக்கும் நாட்காட்டியைப் புரட்டிப் பாருங்கள். சதுர்த்தசி, அமாவாசை, பிரதமை, சட்டி, அட்டமி, ஏகாதசி, திரயோதசி, பௌர்ணமி என்று தாள்தோறும் வடசொற்கள் அணிவகுத்து நிற்கின்றன. நாட்காட்டி தொங்குவது நம் வீட்டுச் சுவரில். நாளின் பெயரோ நமக்கு விளங்காத மொழியில்!

ஐப்பசியில் விழாவும் நோன்பும் அடுக்கடுக்காய் வருகின்றன. தீபாவளி, அதனை ஒட்டிய கேதாரகௌரி விரதம், காருவாவுக்கு மறுநாள் தொடங்கி ஆறு நாள் நீளும் கந்தசட்டி விரதம், இரண்டு ஏகாதசி, இரண்டு பிரதோசம், ஒரு சங்கடகர சதுர்த்தி, நிறைநிலா நாளில் சிவன் கோயில்களில் அன்னாபிசேகம் என அப்பட்டியல் நீளும். இவற்றுக்காக வயிற்றைக் காயப்போட்டு ஈரச்சேலையோடு கோயிலைச் சுற்றும் தமிழ்த் தாய்மாரை நாம் எள்ளவில்லை. அவர்தம் நம்பிக்கை அவர்தம் உரிமை. நாம் கேட்பது ஒன்றே. தாம் நோற்கும் நாளின் பெயருக்குப் பொருள் என்ன என்று அவர்களுள் எத்துணைப் பேருக்குத் தெரியும்? தெரியாமற் போனதற்குப் பொறுப்பாளர் யாவர்?

பொருளில் பெரிய மறைபொருள் ஏதும் இல்லை. சதுர்த்தி என்றால் நான்காவது. சட்டி என்றால் ஆறாவது. அட்டமி என்றால் எட்டாவது. ஏகாதசி என்றால் பதினொன்று. திரயோதசி என்றால் பதின்மூன்று. அவ்வளவுதான்! அனைத்தும் வெறும் எண்கள். நம் வீட்டுப் பிள்ளை விரல்விட்டு எண்ணும் அதே ஒன்று, இரண்டு, மூன்றுதான் வேற்றுமொழிப் பட்டுடுத்திக்கொண்டு தெய்வத்தன்மை பெற்று உலவுகின்றன. ‘பதினொன்றாம் நாள் நோன்பு’ என்றால் அது நம் கைக்கெட்டும் கணக்கு. ‘ஏகாதசி விரதம்’ என்றால் எவரையேனும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எண்ணுக்குரிய சொல்லை இழந்த மக்கள், எண்ணும் உரிமையையும் உடன் இழந்துவிட்டனர்.

இக்கணக்கின் இயல்பை ஒவ்வொரு தமிழரும் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு காருவாவிலிருந்து அடுத்த காருவாவுக்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். அதனை வளர்பிறை பதினைந்து, தேய்பிறை பதினைந்து என முப்பது கூறாக்குவர். வானவட்டம் 360 பாகை. அதனை முப்பதால் வகுத்தால் 12 பாகை. ஞாயிற்றை விட்டு நிலா 12 பாகை விலகிச் செல்ல ஆகும் பொழுதே ஒரு ‘திதி’. நிலா ஒரே விரைவில் ஓடுவதில்லை. ஆதலால் ஒரு திதி சிலபோது 19 மணி நேரத்திலும் முடியும். சிலபோது 26 மணி நேரத்தையும் தாண்டும். அது விடியலில் தொடங்க வேண்டும் என்பதில்லை. நண்பகலிலும் தொடங்கும், நள்ளிரவிலும் தொடங்கும். சிக்கல் பிறப்பது இவ்விடத்தில்தான்.

2024-ஆம் ஆண்டு நடந்ததை நினைத்துப் பாருங்கள். காருவா அக்தோபர் 31 பிற்பகலில் தொடங்கி நவம்பர் 1 மாலை வரை நின்றது. தீபாவளி முதல் நாளா, மறுநாளா என்று வடநாட்டிலேயே பூசல் எழுந்தது. இங்கோ வாக்கியம் என்றும் திருக்கணிதம் என்றும் இருவகை ஐந்திறங்கள் உண்டு. ஒன்று காட்டும் நேரத்தை மற்றொன்று காட்டுவதில்லை. வானத்தில் நிலா ஒன்று. தாளில் அதன் நேரம் இரண்டு! இம் மயக்கத்தில் எளிய மக்கள் செய்யக்கூடியது என்ன? ஐந்திறம் படிப்பவன் வாயைப் பார்த்து நிற்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

‘தமிழில் இதற்கெல்லாம் சொல் உண்டா?’ என்று வினவுவோர் இன்றும் உளர். உண்டு, நாட்டில் வழங்கிக்கொண்டும் இருக்கின்றது. மூன்றாம் பிறை என்று சொல்லாத தமிழர் உண்டா? ‘நாலாம் பிறை கண்டால் நாய்படாத பாடு’ என்று பழமொழி சொன்ன பாட்டி எந்த வடமொழிப் பள்ளியில் பயின்றாள்? காருவா, வெள்ளுவா என்ற இரு சொற்களும் நம்முடையனவே. உவா நாளில் ஓதம் மிகுந்து கடல் ஏறிவரும் என்பதைப் பஞ்சாங்கம் பார்த்தா நெய்தல் நிலத்தான் அறிந்தான்?

இன்னும் ஒன்று சொல்வோம். இதனைக் கேட்டு நாம் நாணவும் வேண்டும், பெருமிதம் கொள்ளவும் வேண்டும். தமிழ் முசுலிம் உடன்பிறந்தார் தம் சமயத் திங்களின் பெயரை அரபுமொழியில் வைத்திருந்தாலும், அத்திங்களின் நாளைத் தமிழில்தான் எண்ணுகின்றனர். ‘இரமலான் பிறை 27’ என்கின்றனர். உண்ணாதிருத்தலை நோன்பு என்கின்றனர். விழாவைப் பெருநாள் என்கின்றனர். வழிபாட்டைத் தொழுகை என்கின்றனர். பிறை, நோன்பு, பெருநாள், தொழுகை ஆகிய நான்கும் நல்ல தமிழ்ச்சொற்கள். சிவனையும் திருமாலையும் முருகனையும் தொழும் தமிழரோ திதி, விரதம், பண்டிகை, பூசாகாலம் என்று தடுமாறுகின்றனர். அரபுமறை ஓதுவோர் காத்த தமிழைத் தேவாரம் ஓதுவோர் கைவிட்டனர் என்றால், இழிவு யாருக்கு?

நம் சொல்லையே திரித்து வடமொழிக்குத் தாரைவார்க்கும் கூத்தும் நடக்கின்றது. ‘சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்பது அடுப்படியில் பிறந்த பழமொழி. பானை சட்டி அறிந்தவள், கரண்டிக்கு முன்னிருந்த அகப்பையை அறிந்தவள் சொன்னது. அதற்கு இப்பொழுது, ‘சட்டி விரதம் இருந்தால் அகத்துப் பையாகிய கருப்பையில் பிள்ளை வரும்’ என்று மேடைதோறும் புதுப்பொருள் விரிக்கின்றனர். சோற்றுச் சட்டியைக்கூட நமக்கென்று விட்டுவைக்க மனமில்லாதவர் நாளையா விட்டுவைப்பர்?

பெயர்ச்சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும். அதனினும் ஆழமான செய்தி ஒன்றுண்டு. இந்நோன்பு வரிசை எந்நாட்டு மழையைக் கண்டு அமைந்தது என்பதே அது.

வடநாட்டுக்கு மழை தருவது தென்மேற்குப் பருவக்காற்று. அது சூன் திங்களில் தொடங்கும். செப்தம்பர் நடுவிலிருந்து வடமேற்கே பின்வாங்கத் தொடங்கும். அம்மழையைக் கண்டு அவர்கள் ‘சாதுர்மாசியம்’ என்ற நான்கு திங்கள் நோன்பை வகுத்தனர். ஆசாட வளர்பிறைப் பதினொன்றில் திருமால் துயில்கொள்வதாகவும், கார்த்திக வளர்பிறைப் பதினொன்றில் விழிப்பதாகவும் கதை அமைத்தனர். வழி சேறாகி ஆறு பெருகும் காலத்தில் துறவியர் ஓரிடத்தில் தங்குதல் அந்நாட்டுக்குப் பொருந்தும். அதனைக் குறைகூற நாம் யார்? ஆனால், அங்கே கடவுள் விழிக்கும் நாளில் வானம் வெளுத்து வழி உலர்ந்து கிடக்கின்றது. இங்கே அதே நாளில்தான் வானம் பிளந்து கொட்டுகின்றது; கடலில் புயல் உருவாகின்றது. அவர்கள் மழை முடிந்ததென்று கொண்டாடும் பொழுது நம் மழை அப்பொழுதுதான் தொடங்கியிருக்கும்!

தீபாவளி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தீபம், ஆவளி, விளக்கு வரிசை என்பது பொருள். மழை நீங்கிய வடநாட்டுக் காருவா இருளில் வரிசை வரிசையாக விளக்கேற்றுகின்றனர். தமிழ்நாட்டில் அந்நாளில் தெருவெல்லாம் விளக்கு வைக்கும் வழக்கம் நமக்கு உண்டா? இல்லை. எண்ணெய்க் குளியலும் புத்தாடையும் பலகாரமும் வெடியும்தான் நம் தீபாவளி. பெயரில் விளக்கு இருக்கின்றது. நம் வாயிலில் இல்லை. ஏன் இல்லை? ஐப்பசி அடைமழையில் அகல் விளக்கு நிற்காது என்பதற்காகவா, நமக்கென்று வேறொரு விளக்குநாள் முன்பே இருந்தது என்பதற்காகவா? நாம் இரண்டையும் சொல்வோம்.

அவ் விளக்குநாள் கார்த்திகை விளக்கீடு. ‘கார்த்திகைக்குப் பின் மழை இல்லை, கர்ணனுக்குப் பின் கொடை இல்லை’ என்பதும் நம் மக்கள் வாக்கே. நம் மழை ஓயும் திங்களில் நம் விளக்கு ஏறுகின்றது. அகநானூற்றின் 141-ஆம் பாட்டில் நக்கீரர், மழை நீங்கிய வானில் முழுநிலா அறுமீனோடு கூடும் நள்ளிரவில், பழைய ஊரின் தெருக்களில் விளக்கேற்றிப் பலரும் கூடிக் கொண்டாடும் விழாவைக் காட்டுகின்றார். கார் நாற்பதும் களவழி நாற்பதும் கார்த்திகை விளக்கைப் பேசுகின்றன. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூர்ப் பதிகத்தில் ஆண்டின் விழாக்களை வரிசைப்படுத்தினார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என நாண்மீனாலும் திங்களாலும் குறித்தவையே அவற்றுள் மிகுதி. பிறைநாளின் எண்ணாற் பெயர்பெற்றது அட்டமி ஒன்றே. அடைமழை ஐப்பசிக்கு அவர் சொன்ன விழா தீபாவளி அன்று; ஓணம் என்பதை ஊன்றி நோக்குக.

நிலாவைப் பார்த்து நாள் எண்ணுதல் தமிழனுக்கு அயலானது என்று நாம் சொல்லவில்லை. விளக்கீடே நிறைநிலா விழாதான். ஆனால், தமிழர் நிலாவை வானத்தில் பார்த்தனர். அது எந்த மீனோடு நிற்கின்றது என்று கண்ணால் கண்டனர். திங்களையோ ஞாயிற்றின் செலவைக் கொண்டு வகுத்தனர். ஆடிப்பெருக்கு ஆடி 18. பொங்கல் தை முதல் நாள். மயிலாடுதுறைக் காவிரியில் ஐப்பசிக் கடைமுழுக்கு ஐப்பசியின் இறுதிநாள். முடவன் முழுக்கு கார்த்திகை முதல் நாள். இவற்றுக்குத் திதி இல்லை. ஆதலால் பூசலும் இல்லை. படிக்காத உழத்தியும் ஆறு மாதத்திற்கு முன்பே நாள் சொல்லிவிடுவாள்.

பிறைத் திங்கள் பன்னிரண்டுக்கு 354 நாள்தான். ஞாயிற்றாண்டுக்குப் பதினொரு நாள் குறைவு. அக்குறையை நிரப்ப, பிறைவழித் திங்களைக் கொண்டோர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போல ஒரு திங்களைக் கூட்டிக்கொள்வர். நமக்கு அத் தேவை இல்லை. எனினும் பிறைநாளையும் பற்றிக்கொண்டதால் 2023-ஆம் ஆண்டு ஆடியில் முதல் நாளிலும் 31-ஆம் நாளிலும் இரண்டு காருவா வந்தன. முன்னோர்க்கு நீர்க்கடன் ஆற்றுவது எந்நாளில் என்று மக்கள் மயங்கினர். அதே ஆடியின் பதினெட்டாம் பெருக்கில் எவரேனும் மயங்கினரா?

இந்திய நடுவணரசு 1952-இல் மேகநாத சாகா தலைமையில் அமைத்த நாட்காட்டிக் குழு, நாட்டில் முப்பது வகை நாட்காட்டிகள் வழங்கியதைக் கண்டது. பொதுப்பயனுக்கு ஞாயிற்றுக் கணக்கையே அது தேர்ந்தது. 1957 மார்ச்சு 22 முதல் அது நடைமுறைக்கும் வந்தது. நாம் தொன்றுதொட்டுக் கைக்கொண்ட ஞாயிற்று முறையே சிறந்தது என்று அறிவியல் சான்று பகர்ந்தது. ஆயினும் திங்களுக்கு இட்ட பெயர் சைத்திரம், வைசாகம் என்பனவே! கணக்கு எதுவாயினும் பெயர் அவர்களுடையதாகவே இருத்தல் வேண்டும் போலும்.

‘நோன்பு மனத்தைப் பொறுத்தது, பெயரில் என்ன இருக்கின்றது?’ என்று சிலர் அமைதி சொல்வர். பெயரில் ஒன்றுமில்லை என்றால் தமிழ்ப்பெயரால் அழைப்பதில் அவர்களுக்கு என்ன தடை? பசிக்கு வடமொழி தெரியாது. ஏகாதசி என்று சொல்லிப் பட்டினி கிடந்தாலும் பதினொன்றாம் பிறை என்று சொல்லிப் பட்டினி கிடந்தாலும் வயிறு ஒரே மாதிரிதான் காயும். ஆனால், முன்னதில் அறியாமையும் சேர்ந்து வளர்கின்றது. பின்னதில் அறிவு வளர்கின்றது.

எனவே, தமிழ் நெஞ்சங்களே, செய்ய வேண்டியவை எளியன. வளர்பிறை ஆறாம் நாள், பதினொன்றாம் பிறை, பதின்மூன்றாம் பிறை மாலை வழிபாடு, காருவா நோன்பு, வெள்ளுவாச் சோற்றுப் படையல், முருகன் அறுநாள் நோன்பு என்று வீட்டில் பேசத் தொடங்குங்கள். விரதம் என்ற சொல்லை விட்டு நோன்பு என்றே சொல்லுங்கள். நாட்காட்டி அச்சிடுவோரிடமும், அதனை ஆண்டுதோறும் அன்பளிப்பாகத் தரும் கடைக்காரரிடமும் தமிழ்ப்பெயரை அச்சிடுமாறு கேளுங்கள். ஒருவர் கேட்டால் நகைப்பர், நூற்றுவர் கேட்டால் அச்சிடுவர். முகில் விலகிய மாலைகளில் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்துச் சென்று பிறையைக் காட்டி எண்ணச் சொல்லுங்கள். எட்டாம் பிறை பாதி நிலா என்று தன் கண்ணால் கண்ட பிள்ளை, அந்நாளைக் கண்டு அஞ்சி நற்செயலைத் தள்ளிவைக்காது.

கார்த்திகை நிறைநிலா வருகையில் வாயில்தோறும் அகல் ஏற்றுங்கள். அதனைத் ‘தீபம்’ என்னாது விளக்கீடு என்றே அழையுங்கள். அது நம் மழைக்கு நாம் விடை கொடுக்கும் நாள். நம் முன்னோர் வானம் பார்த்துக் குறித்த நாள்.

மழைக்கு நாள் குறித்த இனம், தன் நாளுக்குப் பெயர் கேட்டு அயலான் வாயிலில் நிற்றல் கூடாது.