ஜீ.என் எதில தோத்தது?

சைக்கிள்கார் என்றால் பழைய கார்ப் பைத்தியங்களே கொஞ்சம் நக்கலாத்தான் பார்ப்பினம். மரச் சட்டம், மோட்டார் சைக்கிள் எஞ்சின், பெல்ட், கம்பியால இழுத்துத் திருப்புற ஸ்டியரிங். 1922இல் ஒஸ்ரின் செவன் வந்தது, இந்த விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் அடிபட்டுப் போச்சுது. வழமையாச் சொல்லுற கதை இதுதான். ஜீ.என் விசயத்தில் இதை நான் ஏற்கமாட்டன்.

கொட்ஃப்ரே, ஃபிரேசர் நாஷ் என்ற இரண்டு பொறியியல் மாணவர்கள் 1910இல் லண்டன் ஹென்டனில், நாஷ் வீட்டுக் குதிரை லாயத்தில் தொடங்கினதுதான் ஜீ.என். விலைக்கு வாங்கின எஞ்சின்களோடு ஆரம்பித்தவர்கள், வெகு சீக்கிரமே சொந்தமா இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

எனக்குப் பிடிச்சது அந்தக் காரின் பின்பக்கம். பெல்ட்டை விட்டுவிட்டு அவர்கள் போன வழி இது: ஒவ்வொரு கியருக்கும் தனித்தனிச் செயின். எந்தக் கியர் வேணுமோ அந்தச் செயினைப் பல்லுள்ள ஒரு கிளச் பிடிக்கும், மற்றதுகள் சும்மா சுத்தும். கியர் பெட்டி இல்லை. பின் அச்சு ஒரே துண்டு, டிஃபரன்ஷியலும் இல்லை. கியர் விகிதம் சரிவரேல்லையா, பல்சக்கரத்தை மாத்து. செயினுக்கு ஒழுங்கா எண்ணெய் காட்டவேணும், சத்தமும் இருக்கும், உண்மைதான். ஆனா சைக்கிள் செயின் கழட்டிப் பூட்டத் தெரிஞ்ச ஒருத்தன் பார்த்தே விளங்கிக்கொள்ளக்கூடிய கார் அது. இப்ப பொனட்டைத் திறந்தால் எங்களுக்குத் தெரியிறது ஒரு பிளாஸ்டிக் மூடி.

முதலாம் உலக யுத்தத்துக்குப் பிறகு கொம்பனி கைமாறி வொன்ட்ஸ்வேர்த்துக்குப் போனது. மரச் சட்டம் இரும்பானது. உச்சத்தில் சுமார் 500 பேர் வேலை செய்து கிழமைக்கு 55 கார் வரை விட்டார்கள். பிரான்சின் சல்ம்சன் கொம்பனி அனுமதி வாங்கி ஜீ.என் செய்தது.

பிழை பிறகுதான் நடந்தது. எல்லாருக்குமான 'ஒழுங்கான' கார் வேணும் என்று முதலாளிகள் நினைச்சார்கள்: நாலு சிலிண்டர், தண்ணி குளிரூட்டல், செயினுக்குப் பதில் ஷாஃப்ட். 1922இல் ஆரம்பித்த இருவரும் வெளியேறிவிட்டார்கள். பிள்ளை குட்டியோட போற குடும்பம் ஒஸ்ரினைத்தான் வாங்கும், அதில் வாதமே இல்லை. அந்தக் குடும்பத்துக்காக ஏன் ஜீ.என் ஓடவேணும்? ஒஸ்ரின் மாதிரி ஆகப் பார்த்த ஜீ.என்தான் சில வருசத்தில் இல்லாமல் போனது.

மற்றப்படி அந்த வண்டிக்கு ஒன்றும் நடக்கேல்லை. பசில் டவன்போர்ட் ஜீ.என் ஒன்றைத் திருத்திச் செய்த 'ஸ்பைடர்', 1920களில் ஷெல்ஸ்லி வோல்ஷ் மலையேற்றப் போட்டியில் சாதனைக்கு மேல் சாதனை வைத்தது. கொட்ஃப்ரே 1930களில் எச்.ஆர்.ஜீ கார்களில் பங்காளியானார், கடைசி 'ஜீ' அவர்தான். நாஷ் தன் பெயரிலேயே கார் விட்டார், அதே செயின்களோடு. ஊரே ஷாஃப்டுக்கு மாறின பிறகும் இரண்டாம் உலக யுத்தம் நெருங்கும்வரை அந்தச் செயின் கார்கள் வந்துகொண்டிருந்தன. அதை ஓட்டினவர்களுக்குப் பெயரே 'செயின் கேங்'.