நடந்தால் மூட்டு தேயுமா?

முழங்காலில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். எடையில் பெரும்பங்கு நீர். மீதி கொலாஜன் இழைகளும் நீரைப் பிடித்துவைக்கும் புரதங்களும். இரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. எனவே சிதைந்தால் அது தானாக முழுதும் ஆறுவதில்லை. உடற்கூறியல் அறிஞர் வில்லியம் ஹன்டர் 1743-லேயே இதை எழுதிவைத்தார். இதிலிருந்துதான் பரவலான அந்த வாதம் பிறக்கிறது: தேய்ந்தது தேய்ந்ததுதான், நடந்தால் மிச்சமும் போய்விடும், காலுக்கு ஓய்வு கொடுத்து, குருத்தெலும்பு வளர மாத்திரை சாப்பிட்டு, முடியாதபோது மூட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். முதற்பகுதி ஏறத்தாழ சரி. மற்றவை நிற்கவில்லை.

நடந்தால் தேயும் என்பது மூட்டை உயிரற்ற உதிரிபாகமாகப் பார்ப்பதால் வரும் பிழை. குருத்தெலும்பின் செல்களுக்கு உணவு மூட்டுத் திரவத்திலிருந்தே வருகிறது. காலை ஊன்றும்போது திசு அமுங்கி நீர் வெளியேறுகிறது. தூக்கும்போது திரவம் திரும்ப உள்ளே ஊறுகிறது. அசைவு நின்றால் இந்தப் போக்குவரத்தும் குறைகிறது. தண்டுவடம் அடிபட்டுக் கால் செயலிழந்தவர்களின் முழங்காலில் குருத்தெலும்பு மெலிவது ஸ்கேனில் பதிவாகியிருக்கிறது. ஓய்வு தொடைத் தசையையும் சூம்பவைக்கிறது. தசை தாங்காத பாரம் மூட்டின்மேல் இறங்குகிறது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தொடையின் முன்தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி மெல்ல இறக்குவது எளிய பயிற்சிதான். ஆனால் மாதக்கணக்கில் விடாமல் செய்யவேண்டும். உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை சுமார் 4 கிலோ குறைவதாக 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. புதிதாக அடிபட்டு வீங்கிய கால், மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்ட கால் ஆகியவை வேறு. அவற்றுக்கு முதலில் மருத்துவர் வேண்டும்.

எக்ஸ்ரேயில் இடைவெளி குறைந்தால் வலியும் அதே அளவு ஏறும் என்பதும் தவறு. எக்ஸ்ரே குருத்தெலும்பைக் காட்டுவதில்லை. எலும்புகளுக்கு நடுவே உள்ள வெளியைத்தான் காட்டுகிறது. வலி அடியெலும்பிலிருந்தும் மூட்டுச் சவ்வின் அழற்சியிலிருந்தும் வருவது. படம் மோசமாக இருந்தும் சுகமாக நடப்பவர்கள் உண்டு.

மாத்திரையைப் பற்றி நீட்டிப் பேச ஏதுமில்லை. குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் இரண்டையும் 1,583 பேரிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு 2006-இல் வெளியானது. மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிட அவை வலியைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. இழந்த குருத்தெலும்பை வளர்த்துத் தருவதாக நிரூபணமான மாத்திரை இன்றுவரை இல்லை.

கடைசி வாதம், மூட்டு மாற்று ஒன்றே முடிவு என்பது. விளையாட்டில் அடிபட்ட இளைஞரின் குருத்தெலும்பில் விழுந்த சிறு குழிக்கு வேறு வழிகள் உள்ளன: அடியெலும்பில் நுண்துளையிட்டு ஆறவைப்பது, பாரம் படாத பகுதியிலிருந்து எலும்போடு சேர்த்துக் குருத்தெலும்பு எடுத்துப் பதிப்பது, நோயாளியின் செல்களையே ஆய்வகத்தில் பெருக்கி வைப்பது. கடைசி முறையை ஸ்வீடன் மருத்துவர்கள் 1994-இல் 23 பேரின் அனுபவத்தோடு வெளியிட்டார்கள். மூட்டு முழுக்கத் தேய்ந்த முதியவருக்கு இவை பொருந்தா. அவருக்கு மாற்று அறுவை உண்மையிலேயே பெரிய வரம். ஆனால் முதல் படி அதுவல்ல. 2015-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், மாற்று அறுவைக்குத் தகுதியான 100 பேரில் பாதிப்பேருக்கு உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, வலிமருந்து உள்ளிட்ட சிகிச்சை மட்டும் தரப்பட்டது. மீதிப் பாதிக்கு அதோடு அறுவையும். அறுவை செய்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது; கடுமையான பாதகங்களும் அவர்களிடமே அதிகம். அறுவையில்லாத 50 பேரில் ஓராண்டுக்குள் அறுவையை நாடியவர்கள் 13 பேர்.